டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்: பேசப் பழக்கும், பேச்சை எழுதித் தராது

மேடையில் பேசப் பழக எங்கே சேரலாம் என்று கேட்டால் இன்று பலரும் சொல்லும் பெயர் டோஸ்ட்மாஸ்டர்ஸ். ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்எம்சிஏ கட்டடத்தில் இதன் முதல் கூட்டத்தை நடத்தினார். இப்போது 140க்கும் மேற்பட்ட நாடுகளில் கிளப்புகள் இருக்கின்றன. சென்னையிலும் கோவையிலும் கொழும்பிலும் உண்டு. ஐடி நிறுவனங்கள் சிலவற்றில் அலுவலக வளாகத்துக்குள்ளேயே நடக்கிறது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் தமிழிலேயே நடக்கும் கிளப்புகள் உண்டு.

சேரும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஆசிரியர் கிடையாது, வகுப்பும் கிடையாது. உறுப்பினர்களே பேசுகிறார்கள், உறுப்பினர்களே கேட்டுக் குறை நிறை சொல்கிறார்கள். கட்டணம் குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுதான், கிளப்புக்குக் கிளப் தரம் மாறுவதற்கும் காரணம் இதுதான். உங்கள் பேச்சை அளக்க ஒரு கடிகாரமும் கேட்க இருபது காதுகளும் இங்கே கிடைக்கும். என்ன பேசுவது, எப்படி எழுதுவது என்ற வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டுதான் போக வேண்டும். இது புரியாமல் சேர்பவர்கள் ஓராண்டு கழித்தும் கூச்சம் போன, ஆனால் சாரமில்லாத பேச்சோடு நிற்பதுண்டு.

கூட்டம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். மூன்று பகுதிகள்: தயாரித்து வந்த உரைகள், அந்த இடத்திலேயே தலைப்புக் கொடுத்துப் பேசவைக்கும் டேபிள் டாபிக்ஸ், கடைசியில் மதிப்பீடு. புதியவரின் முதல் உரைக்கு ஐஸ்பிரேக்கர் என்று பெயர், 4 முதல் 6 நிமிடம். அதற்குப் பிறகு பெரும்பாலான உரைகள் 5 முதல் 7 நிமிடம். டேபிள் டாபிக்ஸ் 1 முதல் 2 நிமிடம், மதிப்பீடு 2 முதல் 3 நிமிடம். டைமர் பொறுப்பில் இருப்பவர் குறைந்தபட்ச நேரம் ஆனதும் பச்சை விளக்கு, நடுவில் மஞ்சள், எல்லையில் சிவப்பு காட்டுவார். ஏழு நிமிட உரைக்கு இது 5, 6, 7. போட்டிகளில் இரு பக்கமும் 30 விநாடி சலுகை உண்டு. 4 நிமிடம் 30 விநாடிக்குக் குறைந்தாலோ 7 நிமிடம் 30 விநாடியைத் தாண்டினாலோ தகுதி போய்விடும்.

கொடுத்த காசுக்கு முதலில் கிடைக்கும் லாபம் இந்த நேரக் கட்டுப்பாடுதான். நம் மேடைகளில் தலைவர், முன்னிலை வகிப்பவர், சிறப்பு விருந்தினர், விழாக் குழுவினர் என்று ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்து முடிக்கவே இரண்டு மூன்று நிமிடம் ஓடிவிடுகிறது. ஐந்து நிமிடம் தந்தால் இருபது நிமிடம் பேசுவதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. கிளப்பில் அது நடக்காது. பச்சை விளக்கு எரியும்போது இன்னும் முகவுரையிலேயே நிற்பதை உணர்ந்தவர், அடுத்த உரையில் விளிப்பை ஒரே வரியில் முடிக்கப் பழகிவிடுவார். ஏழு நிமிடத்துக்கு ஒத்துவரும் பங்கீடு: விளிப்பு 10 விநாடி, தொடக்கம் 45 விநாடி, உடல், அதாவது நடுப்பகுதி, நாலரை நிமிடம், முடிவு ஒரு நிமிடம். மீதி அரை நிமிடத்தை விட்டுவையுங்கள். கைதட்டலும் சிரிப்பும் நீங்கள் விடும் இடைவெளியும் அதை எடுத்துக்கொள்ளும்.

சொற்கணக்கில் தமிழருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஆங்கில வழிகாட்டிகள் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்று சொல்லும். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளம். அந்தக் கணக்கை நம்பி 900 சொல் எழுதிக்கொண்டு போனால் சிவப்பு விளக்கு எரியும்போது இரண்டு பக்கம் மீதமிருக்கும். நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் என்று வைத்து, ஏழு நிமிடத்துக்கு 550 சொல் எழுதுங்கள். பிறகு மேடைக் குரலில் உரக்கப் படித்து போனில் அளந்து உங்கள் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். வாய்க்குள் முணுமுணுத்து அளந்தால் கணக்குத் தப்பும். மேடையில் விடும் இடைவெளி எதுவும் அதில் வராது.

இனி எழுத்து. இந்த அமைப்பின் சர்வதேசப் பேச்சுப் போட்டியில் நடுவர் கையில் இருக்கும் மதிப்பெண் பங்கீட்டைப் பாருங்கள்: உள்ளடக்கம் 50, வெளிப்பாடு 30, மொழி 20. பாதி மதிப்பெண் எழுத்து மேசையிலேயே தீர்மானமாகிறது. கிளப் கூட்டத்தில் கிடைக்கும் கருத்துகளோ கை, கால், குரல், பார்வையைப் பற்றியே அதிகம் இருக்கும். காரணம் எளிது. மதிப்பிடுபவர் உரையை ஒரே ஒரு முறை கேட்கிறார், எழுதிய வரைவை அவர் பார்ப்பதில்லை. மூன்று நிமிடத்தில் சொல்ல வசதியானது கண்ணில் பட்டதுதான். பாத்வேஸ் என்னும் பாடத்திட்டத்தின் முதல் நிலையில், நோக்கத்தோடு உரை எழுதுவது பற்றி ஒரு பாடம் இருக்கிறது. தலைப்பைத் தேர்ந்து, நோக்கத்தை வரையறுத்து, குறிப்புச் சட்டகம் போடச் சொல்கிறது. தொடக்கத்துக்கு அது போதும். தமிழில் காதுக்கு ஏற்றபடி வாக்கியம் அமைப்பதை அது கற்றுத்தராது. அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் மழைநீர் தேங்குவதைப் பற்றிப் பேச வேண்டும். ‘மழைநீர் வடிகாலின் அவசியம்’ என்று தலைப்பு வைத்தால் உரை கட்டுரையாகிவிடும். தலைப்புக்கு முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: கூட்டம் முடிந்து எழும்போது கேட்டவர் என்ன செய்ய வேண்டும்? ‘ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வடிகால் தூர்வார வர வேண்டும்.’ இந்த வாக்கியம் எழுதியானதும் பாதிக் குறிப்புகள் தாமாகவே கழிந்துவிடும். நகரமயமாதல் வேண்டாம், சங்ககால ஏரிகள் வேண்டாம். அடுத்து முடிவை எழுதுங்கள், அதற்குப் பிறகு உடல், கடைசியாகத் தொடக்கம். தொடக்கத்தை முதலில் எழுத உட்கார்ந்தால் திருக்குறளில் ஆரம்பிக்கலாமா, கேள்வியில் ஆரம்பிக்கலாமா என்று யோசிப்பதிலேயே ஒரு மாலை போய்விடும். ஏழு நிமிடத்துக்கு இரண்டு கருத்து போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம், ஓர் எண். மூன்றாவது கருத்தை நுழைத்தால் மூன்றும் மேலோட்டமாகப் போகும்.

வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், கேட்பவர் அதுவரை எல்லாவற்றையும் மனதில் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணால் படிப்பவர் திரும்பிப் போய்ப் படிப்பார், காதுக்கு அந்த வசதி இல்லை. ‘கடந்த மழைக்காலத்தில் நமது தெருவில் தேங்கிய நீரை வெளியேற்றுமாறு மூன்று முறை மனு அளித்தும் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாததால் பாதிக்கப்பட்ட குடியிருப்போர் சார்பில் சங்கம் எடுத்துள்ள முடிவை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.’ தாளில் இது சரியான வாக்கியம். மேடையில் ‘நடவடிக்கை’ வரும்போதே பின்வரிசை நழுவிவிடும். இதையே பிரித்தால்: ‘போன மழையில் நம் தெருவில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. மனு கொடுத்தோம். ஒரு முறை அல்ல, மூன்று முறை. யாரும் வரவில்லை. அதனால் சங்கம் ஒரு முடிவு எடுத்திருக்கிறது.’ ‘அளித்தும்’, ‘எடுக்கப்படாததால்’ போன்ற எச்சங்கள் ஒவ்வொன்றையும் அறுத்து முற்றாக்கியதுதான் இங்கே செய்த வேலை. வரைவில் ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு எச்சத்துக்கு மேல் இருந்தால் அடிக்கோடிட்டு வெட்டுங்கள். ‘செய்துகொண்டிருக்கின்றார்கள்’ போன்ற நீண்ட வினைகளை ‘செய்கிறார்கள்’ என்று சுருக்குங்கள். நாக்கு இடறுவது பெரும்பாலும் இத்தகைய சொற்களில்தான்.

எழுதியதை முழுக்க மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வரி நழுவினால் அதோடு கோத்திருந்த அடுத்த நான்கு வரியும் நழுவும், கண் கூரையைத் தேடும். முதல் மூன்று வாக்கியமும் கடைசி மூன்று வாக்கியமும் மட்டும் எழுத்துக்கு எழுத்து மனதில் இருக்கட்டும். இடைப்பகுதிக்கு உள்ளங்கை அளவு அட்டையில் கருத்துக்கு ஒரு சொல்லாக, தொலைவிலிருந்து படிக்கும் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எண்களையும் பெயர்களையும் மட்டும் முழுதாக எழுதுங்கள். போனைப் பார்த்துப் பேசுவது சரிப்படாது. திரை அணைந்துவிடும், விரல் பட்டால் பக்கம் நகர்ந்துவிடும்.

இப்படித் தயாரித்துக்கொண்டு போனால் கிளப்பின் உண்மையான பலன் தெரியும். அது மதிப்பீட்டில் இருக்கிறது. பாத்வேஸின் முதல் நிலையில் உள்ள ‘மதிப்பீடும் பின்னூட்டமும்’ என்ற பாடம்தான் மொத்தத் திட்டத்திலும் சிறந்தது என்பது இந்த விமர்சனத்தின் கணிப்பு. ஓர் உரை நிகழ்த்தி, கருத்துக் கேட்டு, அந்தக் கருத்தை வைத்துத் திருத்தி மீண்டும் ஓர் உரை நிகழ்த்த வேண்டும், பிறகு நீங்களே இன்னொருவரை மதிப்பிட வேண்டும். இரண்டாவது உரைக்குப் புதுத் தலைப்பு எடுக்கலாம் என்று விதி இடம் தருகிறது. எடுக்காதீர்கள். அதே உரையை இரண்டாம் முறை நிகழ்த்தும்போதுதான் எது எழுத்தின் குறை, எது பதற்றத்தால் வந்த குறை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

மதிப்பீட்டில் சிக்கலும் உண்டு. பாராட்டு, திருத்தம், மறுபடி பாராட்டு என்ற வரிசை பல கிளப்புகளில் பழக்கத்தில் இருக்கிறது. முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்கும் நம் இயல்போடு இது சேரும்போது நடுவில் வர வேண்டிய திருத்தம் கரைந்துபோகும். ‘அருமையான உரை, குரல் நன்று, கை அசைவை இன்னும் கொஞ்சம் கூட்டலாம்’ என்று கேட்டுவிட்டு வீடு போவதால் பயனில்லை. பயன் தரும் மதிப்பீடு இப்படி இருக்கும்: ‘நான்காவது நிமிடத்தில் செலவுத் தொகையைச் சொன்னபோது குனிந்து அட்டையைப் படித்தீர்கள். முன்வரிசையில் இருவர் போனை எடுத்தார்கள். அந்தத் தொகையை மட்டும் நிமிர்ந்து சொல்லி, இரண்டு விநாடி நிறுத்துங்கள்.’ இப்படிப்பட்டதைப் பெற வழி இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே மதிப்பிடுபவரிடம் பேசி ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள்: ‘நான் கேட்டவரை என்ன செய்யச் சொன்னேன் என்று முடிவில் ஒரு வரியில் சொல்லுங்கள்.’ அவர் சொல்லும் வரி நீங்கள் வீட்டில் எழுதிய முதல் வாக்கியத்தோடு ஒத்துப்போகாவிட்டால், திருத்த வேண்டியது வரைவைத்தான். கிளப் தராத எழுத்துப் பயிற்சியை அங்கிருந்தே பிடுங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஆ கவுண்டர் என்றொரு பொறுப்பு உண்டு. தடுமாற்ற ஒலிகளை எண்ணிக் கடைசியில் அறிவிப்பார். தமிழில் பேசினால் அவரிடம் முன்கூட்டியே பட்டியல் கொடுங்கள்: ‘வந்து’, ‘ஆக’, ‘அதாவது’, ‘என்னன்னா’, ‘பார்த்தீங்கன்னா’. ஆங்கில ‘ஆ’, ‘உம்’ மட்டும் எண்ணினால் நம் பழக்கங்கள் தப்பித்துவிடும். சொல்லின் கடைசி உயிரை இழுப்பதையும், ‘அப்புறமா…’, ‘அவங்களுக்கு…’ என்று நீட்டுவதையும் எண்ணச் சொல்லுங்கள். இதற்கு மருந்து, வாயை மூடி நிறுத்துவது. ஒரு விநாடி மௌனம் பேசுபவருக்கு நீளமாகத் தோன்றும், கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

குரலில் இன்னொன்று. பலருக்கு வாக்கியம் முடியும்போது மூச்சும் முடிந்து குரல் தாழ்ந்துவிடும். தமிழில் உண்டு, இல்லை என்பதே கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ‘அனுமதி கிடைத்தது’, ‘அனுமதி கிடைக்கவில்லை’ இரண்டும் கடைசி வரிசைக்கு ‘அனுமதி கிடை…’ என்றே கேட்கும். மூச்சை வாக்கியத்தின் நடுவில் எடுத்து, முற்றைத் தூக்கிச் சொல்லுங்கள்.

டேபிள் டாபிக்ஸ் பலருக்கு நடுக்கம் தரும் பகுதி. நிலைப்பாடு ஒரு வாக்கியம், காரணம் இரண்டு வாக்கியம், ஓர் உதாரணம், மறுபடி நிலைப்பாடு. இந்த வரிசை கையில் இருந்தால் ஒரு நிமிடத்துப் பச்சையைத் தொட்டுவிடலாம். தலைப்பைத் திரும்பச் சொல்லி, அதைப் புகழ்ந்து, தலைப்புக் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதில் முப்பது விநாடி போவதை மட்டும் தவிருங்கள்.

கிளப்பில் கிடைக்காதவை சில உண்டு. அவற்றில் முக்கியமானது மைக். இருபது பேர் அமரும் அறையில் மைக் தேவைப்படாது. அங்கே ஓராண்டு பழகியவர் கல்யாண மண்டபத்து மேடையில் ஏறியதும் திணறுவதற்கு இது ஒரு காரணம். கைமைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, மோவாய்க்குச் சற்றுக் கீழே, சாய்வாகப் பிடியுங்கள். நேருக்கு நேர் பிடித்தால் ‘ப’ ஒவ்வொன்றும் குண்டு வெடிப்பதுபோல் கேட்கும். தலைப்பகுதியைக் கையால் பொத்தினால் ஊளையிடும். ஸ்பீக்கருக்கு முன்னே போய் நின்றாலும் ஊளையிடும். மேசைமேல் வளைகம்பி மைக் இருந்தால் ஒரு சாண் தள்ளி நின்று, தலையைத் திருப்பும்போது வாயை மைக்கை விட்டு விலக்காமல் உடலோடு திரும்புங்கள். எதிரொலிக்கும் மண்டபத்தில் வேகத்தைக் குறைப்பதைவிட வாக்கியங்களுக்கு நடுவில் நிறுத்துவது பலன் தரும். எதிரொலி அடங்கிய பிறகு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கலாம். கூட்டம் தொடங்கும் முன்பே போய் ஒலிக்காரரிடம் சொல்லி இரண்டு வாக்கியம் பேசிப் பாருங்கள். தட்டிப் பார்ப்பதும் ‘ஹலோ ஹலோ’வும் உங்கள் குரல் அளவை அவருக்குக் காட்டாது.

அடுத்தது எதிர்ப்பான சபை. கிளப்பில் எல்லோரும் கைதட்டுவார்கள், யாரும் குறுக்கே எழுந்து கேள்வி கேட்க மாட்டார்கள். சங்கப் பொதுக்குழு அப்படி இருக்காது. மேலும், போட்டி நடை ஒன்று பலரைத் தொற்றிக்கொள்கிறது. உலகப் போட்டியில் வென்ற உரைகளைப் பார்த்து, எல்லா உரையையும் உருக்கமான சொந்த அனுபவமாகவும் பெரிய கை வீச்சாகவும் ஆக்கிவிடுகிறார்கள். 2014இல் கோலாலம்பூரில் அந்தப் பட்டத்தை வென்றவர் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி. அவர் போன்றவர்களின் உரைகளில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு, இடைவெளியும் கட்டுமானமும் குறிப்பாக. ஆனால் வரவுசெலவு வாசிக்கவோ இரங்கல் உரை ஆற்றவோ அந்த வீச்சு பொருந்தாது. போட்டியில் சேருங்கள், ஆனால் பாடத்திட்டத்தின் மற்ற உரைகளை உங்கள் அலுவலகத்துக்கும் ஊருக்கும் தேவைப்படும் உரைகளாகவே தேர்ந்தெடுங்கள்.

கிளப்பைத் தேர்வு செய்யும்போது வீட்டுக்குப் பக்கமா என்று மட்டும் பார்க்காதீர்கள், கணக்குப் போடுங்கள். 24 உறுப்பினர், மாதம் இரண்டு கூட்டம், கூட்டத்துக்கு மூன்று உரை என்றால் மாதத்துக்கு ஆறு வாய்ப்பு. உங்கள் முறை நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதே உறுப்பினர் எண்ணிக்கையில் வாரம்தோறும் கூடினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பட்டியலில் பெயர் இருந்தும் வராதவர்கள் இருப்பதால் உண்மை இதைவிடச் சற்று நன்றாகவே இருக்கும். உரை வரிசையை முடிவு செய்பவர் கல்விக்கான துணைத் தலைவர். விருந்தினராகப் போகும்போதே அவரிடம் அடுத்த காலி இடம் எப்போது என்று கேளுங்கள். விருந்தினருக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. இரண்டு கிளப்புகளுக்காவது போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். கவனிக்க வேண்டியவை: சொன்ன நேரத்துக்குத் தொடங்குகிறார்களா, மதிப்பிடுபவர் கையில் குறிப்புத் தாள் இருக்கிறதா, எல்லா மதிப்பீடும் ஒரே மாதிரி ஒலிக்கிறதா, வந்தவர்களில் எத்தனை பேர் பேசினார்கள். கூட்டத்தில் பாதி நேரம் அறிவிப்பும் நிழற்படமும் சான்றிதழுமாகப் போனால் வேறு கிளப் பாருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, புது உறுப்பினருக்கு ஒருமுறை மட்டும் 20 டாலர். தலைமையகச் சந்தா ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்ற தவணைகளில். இடவாடகை, தேநீர்ச் செலவுக்குக் கிளப் தனியாக வாங்கும் தொகை இடத்துக்கு இடம் மாறும். மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அலுவலக கிளப்பாக இருந்தால் நிறுவனம் ஒரு பகுதியை ஏற்கிறதா என்றும் கேளுங்கள். தனியார் பயிற்சியாளரிடம் போவதோடு ஒப்பிட்டால் இது மலிவு. ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு முக்கிய உரை இருக்கிறது என்பவர் கிளப்பில் சேர்ந்து பயனில்லை. அவர் தெரிந்த பயிற்சியாளரிடமோ கண்டிப்பான நண்பரிடமோ வரைவைக் காட்டுவதே நல்லது. ஆறு மாதமாவது தொடர முடிந்தவருக்குத்தான் இது.

சேர்ந்த பிறகு முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று உரையும் இரண்டு மதிப்பீடும் கிடைக்கவில்லை என்றால் சந்தாவை அங்கேயே புதுப்பிக்க வேண்டியதில்லை. உறுப்பினர் பதிவை வேறு கிளப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். பாத்வேஸில் முடித்த பாடங்கள் உங்கள் பெயரிலேயே இருக்கும், புது இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.